மாவளிக்கு எந்தக் கரி?

பெருந்துறைப் பக்கத்துத் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: “கார்த்திகை நோம்பிக்கு மாவளி சுற்ற ஆசை. பனம்பூ எங்கேயும் கிடைக்கவில்லை. இஸ்திரிக் கடையில் தொட்டிக்கரி (தேங்காய்ச் சிரட்டைக் கரி) வாங்கி இடித்து, துணியில் சுருட்டிச் சுற்றினேன். நெருப்பு வட்டம் தெரிந்ததே தவிர பொறி கொட்டவில்லை. கரியில் என்ன குறை? வேறு எந்தக் கரியை எடுக்கலாம்? கொஞ்சம் வெடியுப்பு சேர்த்தால் நன்றாக வருமா?”

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: வெடியுப்பு, அதாவது பொட்டாசியம் நைட்ரேட், சேர்க்காதீர்கள். ஏன் என்று கீழே வருகிறேன்.

மற்றபடி உங்கள் கரியில் குறை எதுவும் இல்லை. அது ரொம்ப நல்ல கரி. அதுதான் தொந்தரவு.

காங்கேயம் பக்கம் தேங்காய்த் தொட்டிக்கரியை வாங்கி ஆக்டிவேட்டட் கார்பன் (தண்ணீர், வாயுவைச் சுத்திகரிக்கும் நுண்துளைக் கரி) செய்யும் ஆலை ஒன்றின் ஆய்வகத்தில் 20 வருசத்துக்கு மேல் இருந்தவன் நான். லாரியில் வந்து இறங்கும் கரியில் ஈரம் எவ்வளவு, சாம்பல் எவ்வளவு, ஆவியாகிப் போகிற சரக்கு எவ்வளவு என்று பார்த்துச் சீட்டு எழுதுவதுதான் வேலை. பகலெல்லாம் கரி, சட்டைப் பையில் கரி, சோற்றுப் போசியில்கூடக் கரி. அப்புறமும் தோட்டத்துச் சாளையில் உட்கார்ந்து மாவளிக்காகக் கரி சுட்டுப் பார்த்திருக்கிறேன் என்றால் வீட்டில் என்ன பேச்சு வாங்கியிருப்பேன் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

மாவளி தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. ஆண்பனையின் காய்ந்த பூக்கதிரைக் குழியில் சுட்டுக் கரியாக்கி, இடித்து, கொஞ்சம் கல்லுப்பு கலந்து, பருத்தித் துணியில் நீளமாகச் சுருட்டி, நூலால் இறுக்கிக் கட்டுவார்கள். அதை மூன்று பனைமட்டைச் சிம்புகளுக்கு நடுவே செருகி, நுனியில் கங்கு வைத்து, கயிற்றில் கட்டித் தலைக்கு மேல் சுற்றினால் பொறி மழை கொட்டும். சங்ககிரிப் பக்கத்து எங்கள் அப்பிச்சி ஊரில் கார்த்திகை தீபத்தன்று தீபம் ஏற்றிய கையோடு பசங்கள் காட்டுக்குப் போய்விடுவோம். வெடியுப்பு, கந்தகம் எதுவும் அதில் கிடையாது. வெறும் கரி, உப்பு, காற்று.

அந்தக் காற்றுதான் விசயமே. சுடர்விட்டு எரிவது வேறு, கனிவது வேறு. விறகில் இருந்து கிளம்பும் ஆவி எரிந்தால் சுடர். ஆவியெல்லாம் போனபின் மிஞ்சுகிற கரியின் மேற்பரப்பில் காற்று பட்டு எரிந்தால் கங்கு. பொறி என்பது ஒரு சின்னக் கங்கு, அவ்வளவுதான். பெரிய கங்கில் இருந்து தெறித்து, பறக்கிற வழியிலேயே தன்னை எரித்துத் தீர்த்துக்கொள்கிறது. கரிப்பொறி எப்போதும் செம்மஞ்சள் நிறத்தில் இருப்பதும் அதனால்தான். அதற்கு மேல் அதற்குச் சூடு கிடையாது. கம்பி மத்தாப்பில் வரும் இரும்புப் பொறி இன்னும் சூடு, இன்னும் வெளுப்பு. எஃகாக இருந்தால் நுனியில் பூ மாதிரி பிரியும். கரிப்பொறி பிரியாது, கோடு போட்டுவிட்டு அணையும்.

அப்படியானால் பொறிக்கு ஏற்ற கரிக்கு மூன்று குணம் வேண்டும். சுற்றும்போது உதிர வேண்டும். உதிர்ந்த துகள் சட்டென்று பற்ற வேண்டும். தரைக்கு வருமுன் தீர்ந்துவிட வேண்டும். தொட்டிக்கரி இந்த மூன்றிலும் தோற்கும். கல் மாதிரி இறுக்கம், உதிராது. பற்றுவதற்கு நேரமெடுக்கும். பற்றினால் அணையாது. இஸ்திரிப் பெட்டிக்கு அதுதான் வேண்டும், அதனால்தான் அங்கே அதற்கு மரியாதை. ஆக்டிவேட்டட் கார்பனுக்கும் அந்த இறுக்கம்தான் வேண்டும்: 800 டிகிரிக்கு மேல் நீராவியில் வேக வைத்தாலும் பொடியாகாமல் நின்று, உள்ளே நுண்துளை மட்டும் விழும். உங்கள் துணிச்சுருளுக்குள் அது ஒரு குட்டி அடுப்பாகக் கனிந்துகொண்டே இருந்திருக்கும். வட்டம் தெரிந்தது, பொறி வரவில்லை. சரியாகத்தான் நடந்திருக்கிறது.

நான் சுட்டுப் பார்த்த மற்றவற்றைச் சொல்கிறேன். எல்லாம் நம் பக்கத்தில் காசில்லாமல் கிடைப்பவை.

வேலிக்காத்தான், அதாவது சீமைக்கருவேலம். எங்கும் கிடைக்கிறது என்பதைத் தவிர மாவளிக்கு அதில் ஒரு நன்மையும் இல்லை. கனமான மரம், கனமான கரி. ஆரம்பத்தில் படபடவென்று தெறிக்கும், பார்க்க ஆசையாக இருக்கும். ஆனால் தெறிப்பது பொறியல்ல, கங்குத் துண்டு. 20 அடி தள்ளிப் புல்லில் விழுந்தபின்னும் கனிந்துகொண்டே கிடக்கும். ஒரு முறை சுற்றிவிட்டு, கொழுக்கட்டைப் புல் காய்ந்து நின்ற கொறங்காட்டில், அதாவது மேய்ச்சல் காட்டில், டார்ச் அடித்து ஒவ்வொரு துண்டாக மிதித்து அணைத்தேன். கொறங்காட்டு வெள்வேலமும் இதே ஜாதிதான். இரண்டையும் விட்டுவிடுங்கள்.

சோளத்தட்டு நேர் எதிர். சுலபமாகக் கரியாகும், சுலபமாக இடிபடும், பற்றவும் பற்றும். ஆனால் சோளம், கம்பு மாதிரி புல்லினப் பயிர்களில் மணல்சத்து அதிகம். எரிய எரிய வெள்ளைச் சாம்பல் மேலே ஓடு கட்டிக்கொள்ளும். உள்ளே இருக்கும் கங்குக்குக் காற்று போகாது. இரண்டு நிமிசம் ஜோராகச் சுற்றும், அப்புறம் தூங்கிவிடும். ஒரு தட்டுத் தட்டினால் மறுபடி எழும், மறுபடி தூங்கும்.

எருக்கங்குச்சி நான் எதிர்பார்க்காத அளவுக்கு நன்றாக வந்தது. உள்ளே நெட்டி மாதிரி லேசு. கரியைக் கையில் எடுத்தால் எடையே தெரியாது. ஒரே ஒரு கங்கு பட்டால் போதும், பற்றிக்கொள்ளும். ஆனால் பச்சையாக ஒடிக்கும்போது அதன் பால் கண்ணில் பட்டால் கண்ணுக்கே ஆபத்து. செடியிலேயே காய்ந்து நிற்கும் குச்சியைத்தான் எடுக்க வேண்டும். ஒரு சுருளுக்கு வேண்டிய கரி சேர்ப்பதற்குள் பாதிக் காட்டைச் சுற்றிவிடுவீர்கள்.

துவரை மார், அதாவது துவரைச் செடியின் காய்ந்த குச்சி, உண்மையான நல்ல சரக்கு. அறுவடை முடிந்து வரப்போரம் கட்டி வைத்திருப்பார்கள், கேட்டால் ஒரு கட்டுக் கொடுத்துவிடுவார்கள். மெல்லிய குச்சி, லேசான கரி, சாம்பல் குறைவு. பொறி ஏராளம், ஆனால் குட்டை ஆயுசு. கைக்கெட்டும் தூரத்திலேயே முடிந்துபோகும். சுருளும் சீக்கிரம் தீர்ந்துவிடும். பழைய காலத்தில் வட இந்தியாவில் துப்பாக்கி மருந்துக்கு இந்தத் துவரை மார்க் கரியைத் தேடி வாங்கியிருக்கிறார்கள். எருக்கங்கரிக்கும் அந்தப் பேர் உண்டு. ஐரோப்பாவில் அதே வேலைக்கு வில்லோ மரத்தை வைத்திருந்தார்கள். எல்லாம் லேசான, சீக்கிரம் பற்றுகிற ஜாதி. தொழில் தெரிந்தவர்கள் எங்கும் ஒரே மாதிரிதான் மரம் பொறுக்கியிருக்கிறார்கள்.

பருத்தி மாரும் கிட்டத்தட்ட இப்படித்தான். ஆனால் எத்தனை முறை மருந்தடித்த செடியோ, அந்தப் புகையைச் சுவாசிக்க எனக்கு மனசில்லை.

பனம்பூவுக்குப் பதில் என்று நான் கடைசியில் வந்து நின்ற இடம் தென்னை. தொட்டி அல்ல, பூ. தேங்காய்க் குலை வெட்டியபின், நடுத்தண்டில் துடைப்பம் மாதிரி தொங்குமே, அந்த மெல்லிய கதிர்கள். பொள்ளாச்சியில் இருந்து காங்கேயம் வரை தோப்புத் தோப்பாக மரத்தடியில் மட்கிக்கொண்டு கிடக்கிறது. பனைக்குத் தென்னை பங்காளி, பூவும் அப்படியே. நான் சுட்டவற்றில் பொறியின் நீளம், வேகம், ஆயுசு மூன்றும் பனம்பூவுக்குப் பக்கத்தில் வந்தது இது ஒன்றுதான்.

ஏன் பூவில் இந்த விசேசம்? என் கணிப்பு, உள்ளே இருக்கும் பொட்டாசியம். தடித்த மரத்தைவிட, இலை, பூ, இளந்தண்டு மாதிரி சாறு ஓடுகிற உறுப்புகளில் அது அதிகம். பொட்டாசியம் உப்பு கலந்த கரி குறைந்த சூட்டிலேயே கனியத் தொடங்கும். இதை வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு சர்க்கரைக் கட்டியைத் தீக்குச்சியில் காட்டுங்கள். உருகி வழியும், பற்றாது. இன்னொரு கட்டியின் முனையில் ஊதுபத்திச் சாம்பலைத் தேய்த்துவிட்டுக் காட்டுங்கள்; நீலச் சுடரோடு பற்றிக்கொள்ளும். சாம்பல் எரிவதில்லை, எரிவதற்குக் கைகொடுக்கிறது. தென்னைக்கு எவ்வளவு பொட்டாஷ் வைக்கிறோம், குழியில் உப்புக்கூடப் போடுகிறோம் என்று தோப்பு வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். அதில் ஒரு பங்கு பூவுக்கும் போகாமலா இருக்கும்.

மரத்தைப் பற்றி இவ்வளவு பேசினாலும், சுடுகிற பக்குவம் தப்பினால் எல்லாம் வீண். ஒரே துவரை மாரை இரண்டு விதமாகச் சுட்டால் இரண்டு வேறு கரி வரும். 300 டிகிரிக்குக் கொஞ்சம் மேலே நிறுத்தினால் கரியில் இன்னும் ஆவிச்சரக்கு மிச்சம் இருக்கும், சீக்கிரம் பற்றும். 600, 700 என்று ஏற்றினால் இறுகிவிடும், தட்டினால் கண்ணாடி வளையல் மாதிரி கிணுங்கும், பற்றுவதற்கு அடம் பிடிக்கும். அந்தக் கிணுங்கல் கேட்டால் ஆலையில் எங்களுக்குச் சந்தோசம். மாவளிக்கு நமக்கு வேண்டியது மந்தமான ‘டொக்’.

நான் சுடுகிற முறை இது. மூடி இறுக்கமான பால்பவுடர் டின்னில் காய்ந்த கதிரை ஒடித்து நெருக்கி அடைத்து, மூடியில் ஆணியால் ஒரே ஒரு ஓட்டை போட்டு, வெட்டவெளியில் மூன்று கல் கூட்டி விறகுத் தீயில் வைப்பேன். முதலில் ஓட்டை வழியாக வெள்ளைப் புகை வரும். அது பெரும்பாலும் ஈரம். அப்புறம் மஞ்சளாக, கண்ணெரிகிற புகை. அதில் தீ காட்டினால் ஓட்டையின் மேலே சின்னச் சுடர் நின்று எரியும். சுடர் தானாகத் தளர்ந்து அணைகிற நேரம்தான் பக்குவம். அதற்கு மேல் தீயில் வைத்தால் இறுகத் தொடங்கும். இறக்கி, ஓட்டையைக் களிமண்ணால் அடைத்து, அப்படியே விட்டுவிட வேண்டும். தண்ணீர் ஊற்றி அணைக்காதீர்கள். கரி ஊறிக் கெடும் என்பது ஒன்று. அந்தத் தண்ணீரில் இறங்குகிற கசடு என்ன செய்யும் என்பது எங்கள் பக்கத்தில் குழிபோட்டுத் தொட்டி சுடுகிற இடங்களை ஒட்டிக் கிணறு வைத்திருப்பவர்களைக் கேட்டால் தெரியும். ஊர்ப் பஞ்சாயத்துவரை போன சண்டை அது.

டின் ஆறியதும் திறந்து சாக்கில் கொட்டிவிடலாம் என்று நினைப்பீர்கள். நானும் நினைத்தேன். முதல் வருசம், ராத்திரி ஒன்பது மணிக்குத் தொட்டுப் பார்த்தேன், குளிர்ந்திருந்தது. சணல் சாக்கில் கொட்டிச் சாளைத் திண்ணையில் வைத்துவிட்டுப் படுத்தேன். விடிகாலை மாட்டுக்குத் தட்டுப் போடப் போன ஆத்தா கத்திய கத்தில் எழுந்து ஓடினால், சாக்கின் அடிப்பக்கம் இட்லித் தட்டு அகலத்துக்குக் கருகி, உள்ளே சிவப்பாகக் கனிகிறது. நாலு முழம் தள்ளிச் சோளத்தட்டுப் போர். புதுக்கரி காற்றில் இருக்கும் ஆக்சிஜனை உறிஞ்சும், உறிஞ்சும்போது தானாகச் சூடேறும், குவித்து வைத்தால் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் பற்றிக்கொள்ளும் என்று ஆலையில் வருகிற பையன்களுக்கெல்லாம் வகுப்பெடுப்பவன் நான்! அன்றைக்கு ஆத்தா பேசியதை இங்கே எழுத முடியாது. இப்போதெல்லாம் டின்னை மறுநாள்தான் திறப்பது, தகரத்தில் ஓர் அங்குல உயரத்துக்குமேல் போகாமல் பரப்பி வெளியில் ஒரு நாள் முழுக்க ஆறவிடுவது, அப்புறம்தான் இடிப்பது.

இடிப்பதை உரலில் செய்யுங்கள், மிக்சியில் வேண்டாம். கரித்தூள் காற்றில் மிதக்க, உள்ளே மோட்டார் பொறிவிட, தேவையில்லாத வேலை. மூக்கைத் துணியால் கட்டிக்கொள்ளுங்கள். இரண்டு சல்லடை போதும். மாவுச் சல்லடையில் இறங்குகிற தூள் வேண்டாம். அது பறந்த இடத்திலேயே தீர்ந்துவிடும், சுருளுக்குள் காற்றுப் போகும் வழியையும் அடைக்கும். கடுகுக்கு மேல் பெரிதாக இருப்பதும் வேண்டாம்; தரைக்கு உயிரோடு வந்து சேரும். நடுவில் ரவை பருமனில் மிஞ்சுகிறதே, அதுதான் மாவளி. உங்கள் தொட்டிக்கரியையே ரவையாக இடித்திருந்தால் நாலு பொறி வந்திருக்கும், அதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது.

கலவை என்று கேட்டால், தென்னம்பூக்கரி இரண்டு பங்கு, துவரை மார்க்கரி ஒரு பங்கு. துவரை சீக்கிரம் பற்றிக் கொடுக்கும், தென்னம்பூ நின்று கொட்டும். ஒரு படிக் கரிக்கு ஒரு கைப்பிடி கல்லுப்பு, ஒன்றிரண்டாகத் தட்டியது. திருஷ்டி சுற்றி அடுப்பில் உப்புப் போட்டால் படபடவென்று பொரியுமே, அதே சமாச்சாரம். கல்லுப்புப் பரலுக்குள் சிறைப்பட்டிருக்கும் துளி நீர் சூட்டில் ஆவியாகி உடைத்துக்கொண்டு வரும். பக்கத்துக் கரியையும் உதிர்த்துவிடும். பாக்கெட் தூள் உப்பில் அது அவ்வளவாக நடக்காது.

துணி விசயத்தில் திருப்பூர்க்காரர்களுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. வீட்டில் பனியன் வேஸ்ட் மூட்டை மூட்டையாக இருக்கும், கை அதற்குத்தான் போகும். அதில் பாலியஸ்டர், லைக்ரா எல்லாம் கலந்திருக்கும். எரியும்போது உருகிச் சொட்டும்; சுற்றுகிற வேகத்தில் அந்தச் சொட்டு யார்மேல் போய் ஒட்டும் என்று சொல்ல முடியாது, ஒட்டினால் தோலோடுதான் வரும். பழைய பருத்தி வேட்டி, அதுவும் பலமுறை துவைத்தது. ஒரு சாண் நீளம், கட்டைவிரலைவிடக் கொஞ்சம் தடிமன், நூல் நெருக்கமாக. சிம்புக்குப் பனைமட்டை இல்லையென்றால் பச்சை மூங்கில். நெருப்புப் பக்கம் இரண்டு முழத்துக்குக் கட்டுக்கம்பி, அதன்பிறகு கயிறு. கயிறு மட்டும் போட்டால் நடுவில் அறுந்து அடுத்த தோட்டத்துக்குப் போகும்.

இப்போது வெடியுப்பு. மாவளி ஏன் இத்தனை தலைமுறையாகப் பசங்கள் கையில் இருந்திருக்கிறது? வெளிக்காற்று எவ்வளவு படுகிறதோ அவ்வளவுதான் அது எரியும். சுற்றுவதை நிறுத்தினால் அடங்கும், மண்ணில் புதைத்தால் செத்தது. வெடியுப்பு ஆக்சிஜனைத் தன்னுடனேயே கொண்டுவருகிற சரக்கு. அதைக் கரியோடு கலந்து துணியில் இறுக்கிச் சுருட்டினால் காற்றின் பிடி போய்விடும். எப்போது எவ்வளவு வேகத்தில் எரிவது என்பதை அதுவே தீர்மானிக்கும், நடுவில் நிறுத்த உங்களிடம் ஒன்றும் இருக்காது. அதுவும் தலைக்கு மேலே. லைசென்ஸ் இல்லாமல் அப்படிக் கலப்பது 1884-ம் வருசத்து வெடிபொருள் சட்டப்படியும் 2008-ம் வருசத்து விதிகள்படியும் குற்றம். கோயில் நோம்பிக்கு வாணம் விடுகிறவர்கள் லைசென்ஸ் வைத்து, பரம்பரையாகத் தொழில் பழகிச் செய்கிறார்கள். அவர்களிலேயே விரல் இழந்தவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பொறி போதவில்லை என்றால் கரியை மாற்றுங்கள், ரவையை மாற்றுங்கள், கல்லுப்பைக் கூட்டுங்கள். அதற்குள்ளேயே பத்துக் கார்த்திகைக்கு விளையாட இடம் இருக்கிறது.

சுற்றுகிற இடம்: உழுத காடு அல்லது வெறும் களம். தட்டுப்போர், கூரைச் சாளை இல்லாத பக்கம். தேங்காய் மஞ்சி (நார்) மில் பக்கத்தில் இருந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள். நார்த்தூள் குவியலில் ஒரு பொறி விழுந்தால் வெளியே ஒன்றும் தெரியாது, உள்ளுக்குள் நாலு நாள் கனியும். சுற்றுபவருக்குப் பருத்திச் சட்டை, தலையில் ஈரத்துண்டு, கண்ணுக்குச் சாதா கண்ணாடியாவது. வேடிக்கை பார்க்கிறவர்கள் காற்று வருகிற பக்கம், 30 அடி தள்ளி. இரண்டு குடம் தண்ணீர். பற்ற வைத்தவுடன் சுற்ற ஆரம்பிக்காதீர்கள். நுனியில் வைத்த கங்கு துணியைத் தாண்டி ஓர் அங்குலமாவது கரிக்குள் இறங்கட்டும், வாயால் ஊதாமல் விசிறியால் வீசுங்கள். முதல் நாலைந்து சுற்று மெதுவாக.

கதிர் சேர்க்கக் கார்த்திகைக்கு ஒரு மாசம் முன்பு வரை காத்திருக்காதீர்கள். அந்தச் சமயம் ஐப்பசி மழை பிடித்துக்கொள்ளும், மரத்தடியில் கிடப்பதெல்லாம் ஊறிப்போகும். நான் தேங்காய் வெட்டுகிற ஆளிடம் சொல்லி வைத்து, மழைக்கு முன்னாலேயே வாங்கி அடுப்படிப் பரணில் போட்டுவிடுவேன். புகைபட்டுக் காய்ந்த கதிர் டின்னில் சீக்கிரமாகவும் சீராகவும் வேகும். பெருந்துறையில் அதற்கும் வழியில்லை என்றால் எழுதுங்கள். இந்த வருசம் என்னிடம் பரண் நிறைய இருக்கிறது.